பாலம் தாங்குமா? கணக்குச் சொல்லும் கதை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்

முன்னுரை

பாலம் கட்டுகிறோம், அணை கட்டுகிறோம், வானூர்தியும் ஏவூர்தியும் செய்கிறோம். இவையெல்லாம் சுமையைத் தாங்குமா, முறியுமா என்பதைக் கட்டி முடித்த பின் அறிவதில் பயனில்லை. கட்டுமுன்னரே அறிய வேண்டும். அறிவதற்குக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைக் கணிப்பொறியின் துணையோடு போடும் துறைக்குக் 'கம்ப்யூடேஷனல் மெக்கானிக்ஸ்' என்று பெயர். தமிழில் கணிப்பொறி விசையியல் எனலாம்.

கணிதம் படிக்கும் நமக்கும் பொறியியலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். இயற்கணிதத்தில் அணிகளைப் படிக்கிறோம். நிலையியலில் விசைகளின் சமநிலையைப் படிக்கிறோம். எண்ணியல் முறைகளில் காஸ் நீக்கல் முறையைப் படிக்கிறோம். மூன்றும் மூன்று தனித் தாள்கள், மூன்று தனித் தேர்வுகள் என்றே நான் கருதியிருந்தேன். மூன்றும் ஓரிடத்தில் கூடி ஒரு பெரும் பணியைச் செய்கின்றன என்று நூலகத்தில் ஒரு நூலைப் புரட்டியபோது தெரிந்துகொண்டேன். அந்த இடத்தை மாணவத் தோழர்களுக்குக் காட்டுவதும், அத்துறையில் ஆய்வு செய்து ஆசிரியப் பணிக்குச் செல்லும் வழியைச் சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு சுருள்விற்கள்

இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1678ஆம் ஆண்டு ஓர் எளிய விதியை வெளியிட்டார். சுருள்வில்லின் நீட்சி அதை இழுக்கும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அது. வில்லை ஒரு மில்லிமீட்டர் நீட்டத் தேவையான விசையை அதன் விறைப்பு என்போம்.

உத்திரத்திலிருந்து ஒரு வில்லைத் தொங்கவிடுவோம். அதன் விறைப்பு மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன். அதன் கீழ்முனையில் இன்னொரு வில்லை மாட்டுவோம். இதன் விறைப்பு 100 நியூட்டன். எல்லாவற்றுக்கும் கீழே 600 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். வில்கள் சேரும் இடங்களைக் கணுக்கள் என்போம். முதற் கணு உத்திரத்தில் இருப்பதால் அசையாது. நடுக்கணு 'அ' மில்லிமீட்டரும் கடைக்கணு 'ஆ' மில்லிமீட்டரும் இறங்குவதாகக் கொள்வோம்.

நடுக்கணு சமநிலையில் இருக்க வேண்டும். மேல்வில் அதை 200அ என்னும் விசையால் மேலே இழுக்கிறது. கீழ்வில் 100(ஆ − அ) என்னும் விசையால் கீழே இழுக்கிறது. இரண்டும் சமம் என்பதால்,

300அ − 100ஆ = 0

கடைக்கணுவில் கீழ்வில்லின் இழுப்பு நாம் தரும் விசைக்குச் சமம் என்பதால்,

−100அ + 100ஆ = 600

முதற் சமன்பாட்டிலிருந்து ஆ = 3அ. இதை இரண்டாவதில் இட்டால் 200அ = 600. ஆகவே அ = 3; ஆ = 9. சரிபார்ப்போம். மேல்வில் 600ஐ 200ஆல் வகுக்க 3 மில்லிமீட்டரும், கீழ்வில் 600ஐ 100ஆல் வகுக்க 6 மில்லிமீட்டரும் நீளும். கூட்டினால் 9. விடை சரியே.

இவ்வளவு எளிய கணக்குக்கு இத்தனை சமன்பாடுகள் எதற்கு என்று தோன்றலாம். காரணம் உண்டு. நாம் செய்தது நான்கே வேலைகள்: பொருளைக் கூறுகளாகப் பார்த்தோம், ஒவ்வொரு கூறின் விறைப்பையும் எழுதினோம், கணுக்களில் அவற்றை ஒன்றாகக் கோத்தோம், அசையாத கணுவை நிறுத்திவிட்டுச் சமன்பாடுகளைத் தீர்த்தோம். இரண்டு வில்களுக்குப் பதில் இருபது இலட்சம் கூறுகள் இருந்தாலும் இந்த நான்கு வேலைகள் மாறுவதில்லை. இரண்டுக்கு இரண்டு அணி பேரணியாகிறது, அவ்வளவே வேறுபாடு. தாளில் போட முடியாததைக் கணிப்பொறி போடுகிறது.

கூறாக்கினால் வரும் பிழை

வில்களில் விடை துல்லியமாகக் கிடைத்தது. எல்லாப் பொருள்களும் வில்களைப் போல இயல்பாகவே கூறுபட்டு நிற்பதில்லை. மேலே பருத்துக் கீழே வரவரச் சிறுத்துச் செல்லும் ஒரு கம்பியை எடுத்துக்கொள்வோம். மேல்முனையின் பரப்பு கீழ்முனையின் பரப்பைப் போல் இருமடங்கு. இடையில் பரப்பு சீராகக் குறைகிறது. கீழே ஒரு விசையால் இழுக்கிறோம். எவ்வளவு நீளும்?

ஒரே பருமனுள்ள கம்பியின் நீட்சியை இயற்பியலில் படித்திருக்கிறோம். விசையை நீளத்தால் பெருக்கி, யங் குணகத்தாலும் பரப்பாலும் வகுக்க வேண்டும். கணக்கு எளிதாக, கீழ்முனையின் பரப்பையே முழுவதும் உடைய ஒரு கம்பியின் நீட்சியை 1 என்று வைத்துக்கொள்வோம். நம் கம்பியின் உண்மையான நீட்சியைத் தொகை நுண்கணிதத்தால் கண்டால், இரண்டின் இயல் மடக்கை, அதாவது 0.6931 வருகிறது.

தொகையிடத் தெரியாத ஒருவர் என்ன செய்வார்? கம்பி முழுவதற்கும் சராசரிப் பரப்பான ஒன்றரையைக் கொள்வார். விடை 0.6667. கம்பியை இரு சம கூறுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் அதனதன் சராசரிப் பரப்பைக் கொண்டால் 0.6857. நான்கு கூறுகளாக்கினால் 0.6912. பிழையைப் பாருங்கள்: முதலில் 0.0265, பிறகு 0.0074, பிறகு 0.0019. கூறுகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கும்போதெல்லாம் பிழை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, உண்மை விடை தெரியாதபோதும் பிழை எந்த வேகத்தில் குறையும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. அதை நிறுவுவது கணிதவியலாரின் வேலை. மற்றொன்று, மூன்று விடைகளுமே உண்மையைவிடக் குறைவு. கம்பி நீள்வதைவிடக் குறைவாக நீளும் என்று கணக்குச் சொல்கிறது. பொருள் உண்மையில் இருப்பதைவிட உறுதியானது போலத் தோற்றமளிக்கிறது. இது நம் கம்பிக்கு மட்டும் உரிய குறையன்று. இம்முறையின் அடிப்படை வடிவத்தில் பொதுவாகவே காணப்படும் இயல்பு. பொறியாளருக்கு இதைவிட அபாயமான பிழை வேறு இல்லை எனலாம்.

யார் கண்ட முறை?

இம்முறைக்கு 'ஃபைனைட் எலிமெண்ட் மெத்தட்' என்று பெயர். முடிவுறு கூறு முறை என்று தமிழில் வழங்கலாம். இதைக் கண்டவர் ஒருவரல்லர்.

ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற கணிதப் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் கூரண்ட், 1933இல் நாஜிகளால் பதவியிழந்து, பின்னர் நியூயார்க் நகரில் குடியேறினார். அவர் 1943இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ஒரு பரப்பை முக்கோணங்களாகப் பகுத்து முறுக்கலைக் கணக்கிடும் வழியைக் காட்டினார். அன்று அந்த வழியைப் பெரிய அளவில் பயன்படுத்தக் கணிப்பொறிகள் இல்லை. கட்டுரை பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

பின்னர் வானூர்திகள் வேகம் பெற்றன. பின்சாய்ந்த இறக்கைகளும் முக்கோண இறக்கைகளும் வந்தன. அவற்றுக்குப் பழைய விட்டக் கணக்குப் போதவில்லை. அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் டர்னரும், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோரும் சேர்ந்து 1956இல் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடிக்கல் ஆயிற்று. இவர்களுள் கிளஃப் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆசிரியர். 1960இல் இம்முறைக்கு இன்றுள்ள பெயரைச் சூட்டியவர் அவரே. ஐரோப்பாவில் கிரேக்க நாட்டவரான ஜான் ஆர்கிரிஸும், சீனாவில் அணைக் கணக்குகளில் ஈடுபட்டிருந்த ஃபெங் காங்கும் தத்தம் வழியில் இத்தகைய முறைகளை வளர்த்தனர். வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சியில் பணியாற்றிய ஜியென்கீவிச் 1967இல் எழுதிய நூல் உலகெங்கும் மாணவர் கைக்குச் சென்றது.

நம் மண்ணின் பெயர்களும் இவ்வரலாற்றில் உண்டு. மீட்சி எல்லையைக் கடந்த பொருள்களை இம்முறையால் கணக்கிடும் வழியைச் சொன்ன 1969ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியோர் ஜியென்கீவிச், வள்ளியப்பன், கிங் ஆகிய மூவர். இவர்களுள் வள்ளியப்பன் பின்னர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். வாரங்கல் பகுதியில் 1945இல் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற ஜே. என். ரெட்டி அமெரிக்காவில் பேராசிரியராகி எழுதிய பாடநூல்கள் இன்றும் இந்தியக் கல்லூரிகளில் படிக்கப்படுகின்றன. திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் தனக்கு வேண்டிய 'ஃபீஸ்ட்' என்னும் மென்பொருளைத் தானே உருவாக்கிக்கொண்டது.

கடலில் மூழ்கிய கணக்கு

நார்வே நாட்டில் ஸ்டாவாங்கர் நகருக்கு அருகே ஒரு கடற்கழியில் 1991 ஆகஸ்டு 23ஆம் நாள் ஸ்லைப்னர் ஏ என்னும் எண்ணெய் எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளத்தை நீரில் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டிருந்தனர். 24 கூடுகள் கொண்ட பெரிய அமைப்பு அது. ஏறத்தாழ 65 மீட்டர் ஆழம் சென்றபோது சுவர் ஒன்று பிளந்தது. நீர் உட்புகுந்தது. அடித்தளம் முழுவதும் மூழ்கிக் கடலடியில் நொறுங்கியது. அந்த அதிர்ச்சி நில அதிர்வுக் கருவிகளில் 3.0 என்று பதிவாயிற்று. இழப்பு ஏறத்தாழ 70 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது.

காரணத்தை ஆராய்ந்தனர். கூடுகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் முக்கோண வடிவான இடைவெளிகள் இருந்தன. அவற்றின் சுவர்களைக் கணிப்பொறியில் கூறாக்கியபோது கூறுகள் பெரியனவாகவும் கோணலாகவும் அமைந்திருந்தன. அதனால் வெட்டுத் தகைவு உண்மையைவிட 47 விழுக்காடு குறைவாகக் கணக்கிடப்பட்டது. அந்த இடத்தில் போட்ட கம்பிகளின் பிடிப்பும் போதவில்லை. விபத்துக்குப் பின் நுணுக்கமாகக் கணக்கிட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்று விடை வந்தது. உடைந்ததோ 65 மீட்டரில்!

கணக்கு முறையில் தவறில்லை. அதைப் பயன்படுத்திய விதத்தில் குறை இருந்தது. சிறுத்துச் செல்லும் கம்பியில் நாம் கண்ட பிழைக்கும் இதற்கும் உறவு உண்டு. கணிப்பொறி எந்தக் கேள்விக்கும் விடை தந்துவிடும். அந்த விடை எவ்வளவு நம்பத்தக்கது என்று கேட்பதற்கு மனிதர் வேண்டும். இத்துறையில் ஆய்வு இன்னும் முடிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே காரணம். கான்கிரீட்டில் விரிசல் எப்படி ஓடும், மண் எப்போது நழுவும், இதயத்தில் குருதி எப்படிப் பாயும் என்னும் கேள்விகளுக்கு இன்றும் உலகெங்கும் ஆய்வாளர்கள் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மேஸ்திரியின் விசையியல்

என் தந்தை கொத்தனார். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். தாய் சித்தாள் வேலைக்குச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவள் நான் ஒருத்தியே. ஒரு விடுமுறை நாளில் தந்தையின் வேலையிடத்துக்குச் சோறு கொண்டு சென்றபோது, பீமுக்குக் கம்பியைக் கீழே நிறையப் போட்டவர்கள் சன்ஷேடுக்கு மட்டும் மேலே போட்டுக் கட்டுவதைக் கண்டேன். ஏன் என்று கேட்டேன்.

"பீமு நடுவுல தொங்கும், கீழதான் வாய் பொளக்கும். சன்ஷேடு நுனியில தொங்கும். மேலதான் வாய் பொளக்கும். பொளக்குற பக்கம் கம்பி போடணும். எங்க மேஸ்திரி சொல்லிக்கொடுத்ததும்மா" என்றார்.

இரு முனையிலும் தாங்கப்பட்ட விட்டத்தின் அடிப்பகுதியில் இழுவிசை தோன்றும். ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட நெடுங்கையில் மேற்பகுதியில் தோன்றும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஆகவே இழுவிசை உள்ள பக்கத்தில் எஃகு வேண்டும். நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை என் தந்தை மூன்று வரியில் சொல்லிவிட்டார். எத்தனை கம்பி, எவ்வளவு கனம் என்பதைத்தான் அவர் பொறியாளரின் வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். அந்த வரைபடத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கைக் கற்க நான் விரும்புகிறேன்.

படிப்பும் பிழைப்பும்

ஆசை ஒன்று, வீட்டு நிலை ஒன்று. "பட்டம் வாங்கினதும் குரூப் நாலு எழுது, அதுக்கு மேல அஞ்சு வருஷம் படிச்சா யாரும்மா சோறு போடுவா?" என்று தந்தை கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எல்லார் வீட்டிலும் இக்கேள்வி உண்டு. ஆகவே வழிகளையும் தொகையையும் விசாரித்து அறிந்தேன். என்னைப் போன்றோர்க்குப் பயன்படும் என்று இங்கே தருகிறேன்.

பி.எஸ்சி. கணிதம் அல்லது இயற்பியல் முடித்தவர்கள் 'ஜாம்' என்னும் தேர்வெழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். மேனிலை வகுப்பில் கணிதம் படித்தவர்கள் பி.எஸ்சி. முடித்தபின் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் தமிழ்நாட்டில் வழியுண்டு. எம்.எஸ்சி.க்குப் பின் இரண்டு தேர்வுகள் முக்கியமானவை. ஒன்று, சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. மற்றொன்று 'கேட்' தேர்வு. கேட் தேர்வில் கணிதத் தாளும் உண்டு. திடப்பொருள் விசையியலும் பாய்ம விசையியலும் அடங்கிய பொறியியல் அறிவியல் தாளும் உண்டு. இத்தாள்களின் வழியாகக் கணித மாணவர்களும் பொறியியல் ஆய்வுத்துறைகளின் வாயிலைத் தட்டலாம்.

இனி, சோறு போடுவது யார் என்னும் கேள்விக்கு வருவோம். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்று ஆய்வில் சேர்ந்தால், 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட அளவின்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் உண்டு. வீட்டு வாடகைப்படி தனி. ஆய்வு என்றால் கையிலிருந்து செலவழித்துப் படிப்பது என்றே எங்கள் வீட்டில் எண்ணியிருந்தார்கள். உழைப்புக்கு ஊதியம் தருவது போல் அதற்கும் பணம் தருகிறார்கள் என்று சொன்னபோது தந்தை நம்பவில்லை. கைப்பேசியில் அறிவிப்பைக் காட்டி இரண்டு முறை படித்துச் சொன்ன பிறகே தலையசைத்தார்.

இடர்களையும் மறைக்கக்கூடாது. உதவித்தொகைக்குத் தகுதி பெறுவோர் எழுதுவோரில் மிகச் சிலரே. முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளோ மேலோ ஆகும். அதன்பின் பலர் ஓரிரு ஆண்டுகள் வேறிடத்தில் ஆய்வாளராக இருந்தே நிலையான பணி பெறுகிறார்கள். பொறியியல் கல்லூரித் துறைகளில் ஆசிரியராகப் பொறியியல் பட்டங்களையே பெரும்பாலும் கேட்பார்கள். கணிதத் துறை வழியே செல்வோர் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கலை அறிவியல் கல்லூரிகளில் முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணுடன் நெட் அல்லது செட் தேர்ச்சி வேண்டும். அதைப் பெற்றும் நிலையான இடத்துக்காகக் கௌரவ விரிவுரையாளர்களாகக் காத்திருப்போர் பலர். எங்களுக்குப் பாடம் எடுப்பவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். மிக நன்றாகவே எடுக்கிறார்கள்.

கல்லூரிகள் மட்டுமே புகலிடம் அல்ல. சென்னை தரமணியில் கட்டுமானப் பொறியியல் ஆய்வு மையம், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வகம் ஆகியவற்றில் இக்கணக்கே அன்றாட வேலை. வானூர்தி, வண்டி செய்யும் நிறுவனங்களுக்கும் இக்கணக்கு அறிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

என் வீட்டில் இப்போதைக்கு ஓர் உடன்பாடு. மூன்றாம் ஆண்டில் இரண்டு தேர்வுகளையும் எழுதுவேன். முதலில் எது கைகூடுகிறதோ அதைப் பற்றி அப்போது பேசுவோம் என்று தந்தை சொல்லியிருக்கிறார். என் திருமணப் பேச்சை அதுவரை எடுப்பதில்லை என்பதும் உடன்பாட்டில் அடங்கும். இதைக் கேட்டுப் பெற்றவர் என் தாய்.

முடிவுரை

இத்துறையைத் தொடப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டெல். வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. கால்குலிக்ஸ், ஃபெனிக்ஸ் போன்ற மென்பொருள்களுக்கு விலையில்லை. ஆங்கில நூல்களைப் படிக்கத் தமிழ்வழியில் வந்த நமக்குத் தொடக்கத்தில் கடினமாகத்தான் இருக்கும். ஆயினும் சமன்பாடு எல்லா மொழிக்கும் பொதுவானது அன்றோ! வரிகள் புரியாத இடத்தில் சமன்பாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வரிகளும் மெல்லப் புரிகின்றன.

படித்ததோடு நில்லாமல் ஒரு கணக்கைச் செய்து பார்க்குமாறு தோழர்களை வேண்டுகிறேன். சிறுத்துச் செல்லும் அந்தக் கம்பியை எட்டுச் சம கூறுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கூறின் சராசரிப் பரப்பைக் கண்டு, அதன் தலைகீழியை எட்டால் வகுத்து, எட்டையும் கூட்டுங்கள். 0.6927 வர வேண்டும். பிழை மறுபடியும் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியிருப்பதைக் காண்பீர்கள். அரைத்தாளும் கால்மணி நேரமும் போதும்.